மழைக்கு லீவு உண்டு, குளிருக்கு?

நம்ம மாநிலத்தில் வானிலை என்றால் ஒன்று மழை, இல்லாவிட்டால் வெயில். மூன்றாவதாக ஒன்று இருப்பதை எந்தச் சேனலும் ஒத்துக்கொள்வதில்லை. அக்டோபர் பிறந்தால் வங்காள விரிகுடாவில் ஒரு சுழி, அதைச் சுற்றி அம்புக்குறிகள், மெரினாவில் நனைந்தபடி மைக்கும் கையுமாக ஒரு நிருபர். மார்ச் முடிந்தால் வேலூரில் இத்தனை டிகிரி, கரூர் பரமத்தியில் இத்தனை டிகிரி, தர்பூசணிக் கடை, மோர்ப்பந்தல். நடுவில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரைக்கும் ஒசூரில் நாங்கள் நடுங்கிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. பட்டாலும் செய்தியின் கடைசி இருபது விநாடி.

அந்த இருபது விநாடிக்கும் ஒரே வசனம்தான். கடும் பனிமூட்டம், வாகன ஓட்டிகள் அவதி, முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி வாகனங்கள் ஊர்ந்து சென்றன. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதும் இதேதான், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்திலும் இதேதான். வாகனங்கள் இத்தனை வருஷமாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. எங்கே போய்ச் சேர்ந்தன என்று மட்டும் யாரும் சொன்னதில்லை :)

இன்னொரு கொடுமை 'பனிப்பொழிவு'. தமிழில் பனி என்ற ஒரே வார்த்தைக்குள் புல் நுனியில் நிற்கும் துளியும் அடக்கம், ரோட்டை மறைக்கும் மூட்டமும் அடக்கம், காஷ்மீரில் கொட்டுவதும் அடக்கம். 'கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடும் பனிப்பொழிவு' என்று டிவியில் கீழே ஓடியதைப் பார்த்துவிட்டு, சென்னையிலிருந்து என் அத்தை பையன் போன் செய்து "டேய், போட்டோ அனுப்புடா" என்றான். ஒசூரில் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போக வேண்டும். பெங்களூருவின் கழிவு நீரைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை அங்கே வந்து சேரும். மழைக்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் மலை மலையாக நுரை கிளம்பும். காற்றடித்தால் பக்கத்து வயலில் போய் உட்காரும். அந்த வீடியோ மட்டும் தமிழ், கன்னடம், இந்தி என்று எல்லா மொழியிலும் ஓடும். பனி மாதிரி இருக்கும் சாக்கடைக்குக் கிடைக்கிற நேரம் நிஜப் பனிக்குக் கிடைப்பதில்லை.

சரி, புலம்பல் போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஒசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரு உட்கார்ந்திருக்கும் அதே மேட்டு நிலத்தின் தெற்கு ஓரம். கிருஷ்ணகிரி இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். ஆனால் சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கம் இறங்கினால் உயரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒரே மாவட்டத்துக்குள் ஒசூர்க்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும் கிருஷ்ணகிரிக்காரர் ஃபேன் போட்டுக்கொண்டும் தூங்குவது இங்கே சகஜம். வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் என்று 'லிட்டில் இங்கிலாந்து' என்ற பட்டம் வேறு எங்கள் ஊருக்கு உண்டு. அதை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் பிளாட் போட்டு விற்பவர்கள்.

மூடுபனி ஒன்றும் மர்மமான சமாச்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியிருக்கும், ஏரிகளில் தண்ணீர் இருக்கும். மேகமில்லாத, காற்று அசையாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வெளியே விட்டுவிட்டுச் சில்லென்று ஆகிவிடும். அதன் மேலே நிற்கும் ஈரக் காற்றும் குளிர்ந்து பொடித் துளிகளாகிவிடும். அவ்வளவுதான். வெயில் ஏறித் தரை சூடானால் கலைந்துவிடும். விடியற்காலை ஆரம்பித்து எட்டு மணி வரை, சில நாள் ஒன்பது வரை நிற்கும். 200 மீட்டருக்கு மேல் கண் தெரியாவிட்டால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்கு மேல் தெரியாவிட்டால் மிக அடர்ந்த மூடுபனி என்பது வானிலைத் துறையின் கணக்கு. எங்கள் தெருக் கணக்கு வேறு. சந்திரசூடேஸ்வரர் மலை தெரியவில்லை என்றால் சாதாரணப் பனி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் தெரியவில்லை என்றால் மோசமான பனி. எதிர் வீட்டு ஆன்ட்டி கோலம் போடுவது தெரியாமல் தெலுங்குப் பாட்டு மட்டும் கேட்டால், அன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது.

ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பனி மோசமாக இருக்கும் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரைதான் எங்கள் ஊரே ரோட்டில் இருக்கும். சிப்காட் 1970களில் இங்கே கால் வைத்தது. அதன் பின்னாலேயே அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. அவற்றுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. சமீப வருஷங்களில் செல்போன் பாகம், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஊரின் கடிகாரமே ஷிப்ட்தான். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. அதே நேரத்தில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு இன்னொரு கூட்டம் எதிரே வரும். நடுவில் பால் வண்டி, பூ மூட்டை ஏற்றிய டெம்போ, கர்நாடகா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் இடையில், நேஷனல் ஹைவேயில் சென்னைக்கும் சேலத்துக்கும் போகும் லாரிகள்.

எங்கள் வீட்டிலும் அதே கதை. அப்பாவுக்குச் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் வாரமென்றால் அம்மா நாலு மணிக்கு எழுந்து பக்கெட்டில் ஹீட்டர் ராடைப் போடுவார். தேங்காய் எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது. அதை அடுப்புத் திட்டில் வைத்து உருக்க வேண்டும். அப்பா பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் பழைய நியூஸ் பேப்பரை மடித்து வைத்துக்கொள்வார். பைக்கில் போகிறவர்கள் இங்கே வழக்கமாகச் செய்வதுதான், காற்று நெஞ்சில் ஏறாது. அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், தலையில் மங்கி குல்லா, அதன் மேல் ஹெல்மெட். கண்ணாடி மட்டும் திறந்தே இருக்கும், மூடினால் மூச்சுப் பட்டு ஒன்றும் தெரியாது. பேப்பரில் வரும் செய்தி எங்கள் குளிருக்கு உருப்படியாக உதவுவது இந்த ஒரு வழியில்தான்.

எந்தச் செய்தி கதகதப்பாக இருக்கும் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில், ஒசூரில் 2000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பேர் வந்து போகும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்குப் பிறகு எந்த இடம், எந்த ஊர் நிலம், பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்கு 2033 வரை போட்டி கூடாது என்ற ஒப்பந்தம் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக வந்தது. அப்பா நெஞ்சில் அதிகம் பயணம் செய்தது அந்தச் செய்திதான். அடுத்தது மெட்ரோ. 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூருவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்தது. அங்கிருந்து ஒசூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். இழுத்துவிடலாம் என்று நம்ம பக்கம் அறிக்கையெல்லாம் தயார் செய்தார்கள். அதே வருஷம் நவம்பரில், உங்கள் ரயிலுக்கான மின்சார முறை வேறு, எங்களுடையது வேறு, ஒத்துவராது என்று அந்தப் பக்கத்தில் சொன்னதாகச் செய்தி வந்தது. எல்லை தாண்டும்போது மின்சாரம்கூட வேறாகிவிடுகிறது. 2023 செப்டம்பர் 29 காவிரி பந்த் அன்று நம்ம பஸ்களெல்லாம் ஜூஜூவாடியோடு நின்றன, ஜனங்கள் அத்திப்பள்ளிக்கு நடந்தே போனார்கள். பனி மட்டும்தான் அந்தச் செக்போஸ்ட்டில் நிற்காமல் வருகிறது.

குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் செய்தி பார்ப்பதற்கென்று ஒரு நேரமும் ஒரு வேலையும் உண்டு. பிதுக்கம்பருப்பு. தெரியாதவர்களுக்காக: பச்சை அவரைக்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக விரலில் அமுக்கினால் தோலை விட்டுப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதில் வைக்கும் குழம்புக்கும் ராகிக் களிக்கும் ஈடாக இன்னொன்றை நான் சாப்பிட்டதில்லை. பனி விழ விழத்தான் கொட்டைக்கு வாசனை ஏறும் என்பது பாட்டியின் கட்சி. ஒரு கிலோ பிதுக்க ஒரு குடும்பம் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும், பேச்சுத் துணைக்கு ஒரு டிவி வேண்டும். பாட்டி ரிமோட்டை எடுத்துக் கன்னடச் சேனலை வைத்துவிடுவார். பாஷை பாதிதான் புரியும். ஆனால் பெங்களூரு நடுங்கினால் அது அங்கே பெரிய செய்தி, குறைந்தபட்ச வெப்பநிலை என்ன என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். "நம்மூரு சேதிய பக்கத்து ஊருக்காரன் சொல்றான்" என்பார் பாட்டி. விமான நிலையச் செய்தி வரும்போதெல்லாம், "ஏரோப்ளேன் வர்றது இருக்கட்டும், அஞ்சரை பஸ்ஸு வருமான்னு கேளு" என்பார். இரண்டுமே விமர்சனம்தான், சேனல்காரர்களுக்குத்தான் கேட்பதில்லை.

பாட்டிக்கு ஊர் ஊத்தங்கரை பக்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, நிறுத்தியிருந்த காரையும் வேனையும் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அதனால் மழைக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் லீவு விடாமல் வேறு எந்த நாளில் விடுவது? வெயிலுக்கும் நம்ம அரசு இறங்கி வருகிறது. 2023இல் ஜூன் 1 என்றிருந்த பள்ளித் திறப்பு வெயிலால் தள்ளித் தள்ளிப் போய் ஜூன் 12 ஆனது. 2024இலும் ஜூன் 6 என்றது 10 ஆனது. இந்த ஊர் வானத்தைப் பார்த்துக் காலண்டரைத் திருத்தத் தெரிந்த ஊர்தான்.

குளிருக்கு மட்டும் ஏன் இல்லை என்றால், எங்கள் குளிர் கணக்கில் சேராது. சமவெளியில் குளிர் அலை என்று வானிலைத் துறை அறிவிக்க, குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு வர வேண்டும், அதோடு இயல்பைவிட நாலரை டிகிரியாவது குறைய வேண்டும். பக்கத்துப் பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவே 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13இல். எங்கள் 12, 13, 14 எல்லாம் பாஸ் மார்க் வாங்காது. டெல்லிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஜார்க்கண்ட் அண்ணன்கள் நிஜமாகவே சிரிக்கிறார்கள், காலையில் பனியனோடு பல் விளக்கிக்கொண்டு. அவர்கள் சிரிப்பது நியாயம். ஆனால் அதே டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் ஜனவரியில் பள்ளி நேரத்தைத் தள்ளி வைக்கிறார்கள், லீவும் விடுகிறார்கள். குளிர் எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, இன்னொரு ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது. கண் தெரியாததுதான் பிரச்சினை. ஸ்வெட்டர் போட்டால் ரோடு தெரியாது.

ரோட்டைத் தாண்டியும் இது போகிறது. தளி, ஜவளகிரி, சானமாவு பக்கம் ராகி அறுவடைக் காலமும் பனிக் காலமும் ஒன்று. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ராகி தின்ன வருவதும் அதே மாதங்களில்தான். ராத்திரியெல்லாம் காவல் இருந்துவிட்டு விடியலில் வீடு திரும்பும் மனுஷனுக்குப் பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. சத்தமே போடாமல் நிற்கத் தெரிந்த மிருகம் அது. ரோஜாக்காரர்களுக்கு வேறு தலைவலி. பிப்ரவரி 14ஐக் குறி வைத்து டிசம்பரில் கவாத்து செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். குளிர் கூடினால் மொட்டு விரியாமல் தேங்கும், ஈரம் கூடினால் இலையில் பூஞ்சை நோய் வரும். காதலர் தினத்தை ஆதரித்தும் எதிர்த்தும் வருஷா வருஷம் டிவியில் விவாதம் நடக்கும். பிப்ரவரி 16ஆம் தேதி மலரும் ரோஜாவை யார் வாங்குவது என்று யாராவது விவாதித்தால் நானும் கேட்பேன்.

சென்னைக்குப் பனி வந்தால் மட்டும் கதை வேறு. 2018 போகி அன்று டயரும் பழைய பாயும் கொளுத்தி ஊரே புகையில் மூழ்கியது, விமானங்கள் இறங்க முடியவில்லை, நாள் முழுக்க பிரேக்கிங் நியூஸ். அது அவர்களாகவே தயாரித்த பனி!

என் தங்கை ஏழாவது படிக்கிறாள். ஏழு ஐந்துக்கு வேன். டிரைவர் அண்ணன் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் துணி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார். பனி நாளில் பள்ளி ஒரு மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தால் என்ன, முதல் நாள் சாயங்காலமே கலெக்டர் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டால் என்ன என்று ஒருநாள் பருப்பு பிதுக்கும்போது என் திட்டத்தை வெளியிட்டேன். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஸ்கூலு பத்து மணின்னா, எட்டரைக்கு நான் கார்மென்ட்ஸுக்குப் போறது எப்படி? இவள யாரு வேன்ல ஏத்தறது?" அதற்குப் பதில் என்னிடம் இல்லை. சென்னை மழை லீவில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது, அங்கே மழை வந்தால் பலருக்கு ஆபீசும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இங்கே லேத்தையும் தையல் மெஷினையும் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

அப்புறம் யோசித்ததில் பள்ளி ரெண்டாம்பட்சம் என்று தோன்றியது. முதல் விஷயம் பஞ்ச். பல கம்பெனிகளில் ஐந்து, பத்து நிமிஷம் லேட்டானால் அரை மணிச் சம்பளம் போகும். ரெண்டு மூன்று தடவை ஆனால் அரை நாள் லீவு. பனி நாளில் ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் மெதுவாகப் போக வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் மெதுவாகப் போக வேண்டும். யார் கொடுப்பார்கள்? முன்னால் இருக்கும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாகத்தான் போவார்கள். ரோட்டோரம் லைட் இல்லாமல் நிற்கும் லாரி அப்படித்தான் ஆளைக் கொல்கிறது. பேப்பரில் அது 'பனிமூட்டத்தால் விபத்து' என்று வரும். பனி மேல் கேஸ் போட முடியாது என்பது எல்லாருக்கும் வசதி.

கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பஸ் லேட்டானால் அது பஸ்ஸின் பொறுப்பு, யாருக்கும் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். சொந்த பைக்கில் வரும் கான்ட்ராக்ட் ஆளுக்குத்தான் பனி சொந்தச் செலவு. ஆக, லேட்டாக வந்தால் உற்பத்தி நின்றுவிடும் என்ற வாதம் எடுபடாது. அறுபது பேர் சேர்ந்து லேட்டாக வந்தால் பொறுத்துக்கொள்ளத் தெரிகிறது, ஒருத்தர் தனியாக வந்தால்தான் தெரிவதில்லை.

டிசம்பர், ஜனவரி இரண்டு மாதம், 200 மீட்டருக்குள் கண் தெரியாத நாட்களில் மட்டும், முதல் ஷிப்டுக்கு அரை மணி நேரம் கிரேஸ் டைம். நைட் ஷிப்ட் ஆட்கள் அந்த அரை மணியைக் கூடுதலாகப் பார்த்தால் அதற்கு ஓவர்டைம். கலெக்டர் ஒரு கூட்டம் போட்டு, ஒசூரில் இருக்கும் தொழில் சங்கங்களையும் தொழிலாளர் துறையையும் உட்கார வைத்துப் பேசினால் முடிகிற காரியம். 2000 ஏக்கர் வேண்டாம், மின்சார முறை மாற வேண்டாம், டெல்லி அனுமதி வேண்டாம். அந்த நேரத்தில் ஹைவேயில் நிற்கும் லாரிகளை அப்புறப்படுத்த மேலுமலைக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே ரெண்டு ரோந்து வண்டி ஓடினால் இன்னும் நல்லது.

இதை எழுதி முடித்துவிட்டு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு முழுசாகக் கேட்டார். "அரை மணின்னு போடாதடா, இருபது நிமிஷம்னு போடு. அரை மணின்னா தர மாட்டாங்க."